அம்பத்தூரில் போட்ட கண்ணாடி வெள்ளானூரில் எங்கே?

சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வெள்ளானூர் இருபது கிலோமீட்டருக்குள்தான். சி.டி.எச். ரோட்டில் திருமுல்லைவாயல், ஆவடி என்று வந்து, ஆவடியில் வடக்கே திரும்பி, கோவில்பதாகையைத் தாண்டினால் கல்லூரிப் பேருந்துகளும் லாரிகளும் ஒன்றுக்கொன்று ஒதுங்கி வழிவிடும் சாலை வெள்ளானூரில் கொண்டுபோய் விடும். கோயில், கோட்டை என்று எதையும் தேடிப் போகிற பயணம் இல்லை இது. வழிநெடுக இரும்பு அறுபடும் சத்தம் மட்டும் கூடவே வரும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவர் கண்ணில் ஒரு விஷயம் படாமல் போகாது. எஸ்டேட்டின் பெரிய கம்பெனிகளில் கிரைண்டிங் மெஷின் பிடிப்பவருக்கு முகத்தில் ஷீல்டு, காதில் அடைப்பான், கையில் தோலுறை, காலில் ஷூ எல்லாம் உண்டு. பின்தெருக்களின் ஜாப் ஒர்க் பட்டறைகளில் ஷூவும் பிளைன் கண்ணாடியும்தான் மிஞ்சுகின்றன. திருமுல்லைவாயலைத் தாண்டிய ரோட்டோரக் கடைகளில் அந்தக் கண்ணாடியும் நெற்றிக்கு ஏறிவிடுகிறது. வெள்ளானூர் பக்கம் மனை பிரித்து வீடு எழும்பும் தெருக்களில் கேட்டுக்குச் சட்டம் அறுப்பவர் லுங்கியும் ரப்பர் செருப்புமாகக் குந்தி உட்கார்ந்து, பொறி பறக்கும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்கிறார். முகத்தைத் திருப்புவதுதான் அங்கே கவசம். விதிவிலக்குகள் இரு முனையிலும் உண்டு. ஆனால் போகப்போகக் குறைகிறது என்பதை மறுக்க முடியாது.

இதற்கு ஊரில் தயாராக இருக்கும் விளக்கம், ‘நம்ம ஆளுங்களுக்கு அக்கறை கிடையாது சார்’ என்பது. இந்த விளக்கத்தை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள், அதே ஐ.டி.ஐ.யில் படித்தவர்கள்தான் இரண்டு முனையிலும் வேலை பார்க்கிறார்கள். ஃபிட்டர் படிப்பு இரண்டு ஆண்டு, அதன் தொடக்கப் பாடமே பாதுகாப்பு. பகலில் கம்பெனியில் ஷீல்டு போட்டு கிரைண்டிங் செய்யும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டு கிரில்லை வெறுங்கண்ணோடு அறுப்பது இந்தப் பகுதியில் யாருக்கும் ஆச்சரியமான காட்சி இல்லை. அறிவும் பழக்கமும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. இடம் மாறும்போது கவசம் மட்டும் காணாமல் போகிறது என்றால் காரணத்தை ஆளிடம் தேடுவது வீண். கவசம் போடுவதா வேண்டாமா என்பது மெஷினைப் பிடிப்பவரின் குணத்தால் முடிவாவதில்லை. அந்த வேலைக்கு விலை பேசிய இடத்தில், விலையை வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் சேர்ந்து எழுதாமல் விட்ட ஒரு வரியால் முடிவாகிறது. இந்தச் சாலை அதைத்தான் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

இரும்பு இந்தச் சாலைக்குப் புதிதல்ல. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் வந்தது. சைக்கிளுக்குக் குழாய் செய்ய ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் 1955-இல் வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியிருந்தது. பெரிய ஆலைகளைச் சுற்றி அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகள், அந்தப் பட்டறைகளிலிருந்து பிரிந்த சிறு பட்டறைகள், அங்கே தொழில் கற்று மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பிய தனி ஆட்கள் என்று இந்த வேலை வடக்கே பரவியது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 60 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை இந்தப் பக்கமாகப் போட்டபிறகு மனைகளும், மனைகளோடு கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, ஷீட் கூரை என்று வேலைகளும் பெருகின. அறுக்கிற வீலைக்கூட வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் 1954 முதல் சென்னையில் சாணைப் பொருள்கள் செய்துவருகிறது, அதன் பழைய ஆலை திருவொற்றியூரில். தொழில் வந்த வழியிலேயே கவசமும் வந்திருக்கலாம். வரவில்லை.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிற பொறியில் இல்லை. பட்டறையில் ஏஜி-4 என்று சொல்கிற 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். 100 மில்லிமீட்டர் வீலின் விளிம்பு அப்போது நொடிக்கு 57 மீட்டருக்கு மேல், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வீலின் மேல் அச்சிட்டிருக்கும் உச்சவரம்பு பெரும்பாலும் நொடிக்கு 80 மீட்டர். இப்போது வழக்கமான ஒரு சிக்கனத்தைப் பாருங்கள். 5 அங்குல மெஷினுக்கும் 7 அங்குல மெஷினுக்கும் வீலின் நடுத்துளை ஒரே அளவு. வீலை மறைக்கும் காப்புத் தகடான கார்டைக் கழற்றிவிட்டால் 5 அங்குல மெஷினில் 7 அங்குல வீல் உட்கார்ந்துவிடும், ஆழமாக அறுக்கும், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் 8,500 சுற்றுக்கென்று செய்த அந்த வீலை 11,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு வேகம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டுகிறது. ரெசினும் கண்ணாடிநார் வலையும் சேர்த்துப் பிடித்துவைத்திருக்கும் மணல் போன்ற பொடி அது. வரம்புக்கு மேல் இழுத்தால் உடையத்தான் செய்யும். உடைந்த துண்டு விளிம்பின் வேகத்திலேயே கிளம்பும், அதைத் தடுக்க வேண்டிய கார்டு அப்போது மூலையில் கிடக்கும். வீலின் நடு வளையத்தில் காலாவதித் தேதியும் அடித்திருப்பார்கள், ஈரம் பட்டால் ரெசின் பலமிழக்கும் என்பதால். பால் பாக்கெட்டின் தேதியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நாம் இந்தத் தேதியைப் பார்ப்பதில்லை. மழைக்காலத்தில் ஈரத் தரையில் கிடந்த வீலும் அப்படியே மெஷினில் ஏறுகிறது.

எந்தக் கண்ணாடி என்ற கேள்விக்கும் இந்த வேகத்தில்தான் பதில் இருக்கிறது. ஐரோப்பியத் தர அளவில் கண்கவசத்தை ஒரு சிறு எஃகுக் குண்டால் அடித்துச் சோதிக்கிறார்கள். காதில் மாட்டும் சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி அதிகபட்சம் நொடிக்கு 45 மீட்டர் வேகக் குண்டைத் தாங்கினால் தேறிவிடும். முகத்தோடு ஒட்டி உட்காரும் காகிள்ஸ் 120 மீட்டர் வரை போகும். 190 மீட்டர் என்ற உச்சத் தரம் முகம் முழுவதையும் மூடும் ஷீல்டுக்கு மட்டும்தான். ஏஜி-4 வீலின் விளிம்பே 57 மீட்டரில் ஓடுகிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்தால், நெற்றியில் ஏறியும் இறங்கியும் கொண்டிருக்கும் அந்தப் பிளைன் கண்ணாடி பொடிக்குத்தான் போதும், உடைந்த வீலுக்குப் போதாது என்பது விளங்கும். கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு அறுப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காகிள்ஸ், அதற்கு மேல் ஷீல்டு என்று இரண்டும் வேண்டும் எனப் பாதுகாப்பு அதிகாரிகள் வற்புறுத்துவது வெறும் சடங்கு இல்லை.

வீல் உடைவது அபூர்வம், கண்ணில் தூள் விழுவது தினசரி. தினசரி என்பதாலேயே அதற்கு மரியாதை இல்லை. கருவிழியில் சூடாக ஒட்டும் இரும்புத் தூள் சில மணி நேரத்தில் துரு வளையம் விடும். அதைத் துணி முனையாலோ தீக்குச்சியாலோ எடுத்துவிடும் ‘கைராசிக்காரர்’ ஒருவர் ஏறக்குறைய எல்லாப் பட்டறைத் தெருவிலும் இருப்பார். தூள் வந்துவிடும். கீறல் தங்கிவிடும், கீறல் வழியே கிருமி போகும். 1990-களில் மதுரை மாவட்டத்தில் நடந்த ஆய்வு ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவின் ஒரு பகுதியில் எடுத்த கணக்கைப்போல் அது பத்து மடங்கு. அந்த மதுரைக் கணக்கில் வயலும் வைக்கோலும்தான் பெரிய பங்கு என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம், சரிதான். ஆனால் கீறலிலிருந்து புண் தொடங்கும் விதம் நெல்தாளுக்கும் இரும்புத் தூளுக்கும் ஒன்றுதான், நம் ஊர்த் தட்பவெப்பத்தில் பூஞ்சைக்கும் பஞ்சமில்லை. நேபாளத்தின் பக்தபூரில் கீறல் பட்ட இரண்டு நாளுக்குள் களிம்பு போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் புண் வராமல் தப்பினார்கள். வெள்ளானூரிலிருந்து பார்த்தால் ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனை, 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, ஆவடியில் ஏறினால் ஒரு ரயில் பயணமும் ஒரு சிறு பஸ் பயணமும்தான். அந்தத் தூரத்தின் விலை ரயில் டிக்கெட் அல்ல, ஒரு நாள் கூலி. அதனால்தான் கைராசிக்காரருக்கு மவுசு.

சரி, வெயில்? கவசத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். சித்திரை வெயிலில் ஷீட் கூரைக்கு அடியில் காகிள்ஸ் மாட்டினால் ஐந்து நிமிடத்தில் உள்ளே ஆவி படியும், கோடு தெரியாது, கோடு தெரியாமல் வீலை வைப்பது வெறுங்கண்ணைவிட ஆபத்து. இதைக் கைவேலை தெரியாதவர்கள் சாக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். ஆனால் அதே வெயில்தான் அம்பத்தூரிலும் அடிக்கிறது. அங்கே காற்றோட்டத் துளை வைத்த, ஆவி படியாத பூச்சுள்ள காகிள்ஸ் வாங்கிக் கொடுக்கிறார்கள், கீறல் விழுந்தால் மாற்றுகிறார்கள், மெஷினை இறக்கிவைக்க நேரமும் விடுகிறார்கள். மலிவான முதல் கண்ணாடி மங்கிப்போனதும் இரண்டாவது வாங்கப் பணம் இல்லாத இடத்தில்தான் வெயில் வெல்கிறது. கையுறைக்கு எதிரான ஆட்சேபம் இதைவிட நுட்பமானது. சுற்றுகிற எந்திரத்தில் தொளதொளத்த உறை சிக்கினால் விரலையும் இழுத்துக்கொண்டு போகும் என்பது உண்மை. பெஞ்ச் கிரைண்டரில் பின்னல் நூல் கையுறை போடக் கூடாது. கையில் பிடித்து ஓட்டும் ஏஜி-4-க்கு ஒட்டிய தோலுறை பொருந்தும். அதே தர்க்கப்படி, மூக்கைச் சுற்றிக் கட்டித் தொங்கவிடும் துண்டையும் லுங்கி நுனியையும் அல்லவா முதலில் கழற்ற வேண்டும்? கையுறையின் ஆபத்தை விளக்குகிறவர்கள் துண்டின் ஆபத்தைப் பேசுவதில்லை. துண்டு செலவில்லாதது.

‘இருபது வருஷமா செய்றேன், ஒண்ணும் ஆகல’ என்பதற்குப் பெரிய பதில் தேவையில்லை. ஆனவர்கள் அந்தத் தெருவில் இப்போது வேலை செய்வதில்லை, ஆகவே அவர்கள் குரல் கேட்பதில்லை.

இரும்பை விட்டு டைல்ஸுக்கு வந்தால் வாதம் இன்னும் கூர்மையாகிறது. புதுவீட்டுக்குள் கிரானைட்டையும் டைல்ஸையும் உலர்வாக அறுக்கும்போது எழும் வெள்ளைப் புகைமூட்டத்தில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலின் அடிவரை போகிற அந்தத் தூள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானது. துண்டு அதற்கு வலைவாசல். என்-95 போன்ற, முகத்தோடு ஒட்டி உட்காரும் வடிகட்டி முகமூடிதான் அதைத் தடுக்கும். இப்போது சமையலறை மேடைக்கு விரும்பிக் கேட்கப்படும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கக்கூடும். அதை அறுத்த இளைஞர்களுக்கு நுரையீரல் கல்லாகிப்போனதைப் பார்த்து ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடைசெய்தது. கவசம் என்பது கடைசி வழி, முதலில் தூள் எழாமல் செய்யுங்கள் என்று பாதுகாப்புப் பொறியாளர்கள் சொல்வது இங்கே முழுக்கப் பொருந்தும். தண்ணீர் விட்டு அறுத்தால் தூள் பெருமளவு அடங்கிவிடும். மேஸ்திரிகள் ஏன் விடுவதில்லை? கையில் இருப்பது மின்சார மெஷின், ஒயர் ஒட்டுப்போட்டது, கட்டட இணைப்பில் ஷாக் அடித்தால் அணைக்கும் கருவி கிடையாது. பயம் நியாயமானது. மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை வேலை தொடங்கும் நாளிலேயே மாட்டிவிட்டால் அந்தப் பயம் பெரிதும் குறையும். வீட்டுக்காரர் எப்படியும் ஒருநாள் வாங்கப்போகிற கருவிதான் அது. குடிவரும்போது வாங்குகிறார், டைல்ஸ் அறுக்கும்போது வாங்குவதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் இந்தச் சாலையில் ஏறக்குறைய கோடு போட்டுக் காட்டலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, துகள் தெறிக்கும் வேலையில் கண்ணுக்குத் திரையோ தகுந்த கண்ணாடியோ கொடுக்கச் சொல்லி விதி செய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தந்தது. ஆனால் மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த பணிப்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கியது. அப்பனும் மகனும் ஒரு ஹெல்பருமாக ஓடும் வெள்ளானூர்ப் பட்டறை பழைய கோட்டுக்கும் வெளியேதான் இருந்தது. இப்போது கோடு இன்னும் தள்ளிப்போயிருக்கிறது. விபத்துக்குப் பிறகாவது சட்டம் வருமா? ஒரு கண்ணின் பார்வை போனால் 30 சதவீத உழைப்பிழப்பு என்று 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை கணக்கு வைத்திருந்தது. அதே சட்டத்தில் ஒரு விலக்கும் இருந்தது, புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது தொடர்கிறது: மரணமோ முழுமையான நிரந்தர முடக்கமோ இல்லாத காயம், தன் பாதுகாப்புக்காகத் தரப்பட்ட சாதனம் என்று தெரிந்தும் தொழிலாளியே வேண்டுமென்று அகற்றியதால் நேர்ந்தது என்றால் முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆக, மூலையில் கிடக்கும் கார்டு சாட்சி சொல்லக்கூடியது. அதைக் கழற்றச் சொன்னது அவசர ஆர்டரா, ஆழமாக அறுக்க வேண்டிய தேவையா என்று எங்கும் பதிவு இல்லை. கழற்றிய கை மட்டும் பதிவாகும். பொறுப்பை ஆளின் குணத்தில் வைக்கும் பேச்சு வெறும் திண்ணைப் பேச்சாக முடிவதில்லை. அது வழக்கில் பணமாகவும் மாறுகிறது.

கொடுத்தாலும் போடமாட்டார்கள் என்பது எஞ்சியிருக்கும் வலுவான எதிர்வாதம். வரலாற்றில் இதற்கு நல்ல ஆதாரமும் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் கத்தி, முள்கரண்டி சாணை பிடித்தவர்கள் இரும்புத் தூளாலும் கல்தூளாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். உலர்சாணை பிடிப்பவரின் சராசரி ஆயுள் முப்பத்தைந்து ஆண்டை எட்டுவதே அரிது என்று 1845-இல் வெளிவந்த தன் நூலில் எங்கெல்ஸ் எழுதினார். தூளை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு கண்டுபிடித்தபோது தொழிலாளர்களே அதை எதிர்த்தார்கள், சில இடங்களில் உடைத்தும் போட்டார்கள் என்றும் அவரே சொல்கிறார். ஏன் என்பதுதான் கவனிக்க வேண்டியது: தொழில் ஆபத்தில்லாததாகிவிட்டால் ஆட்கள் குவிந்து கூலி இறங்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். கொடூரமான கணக்கு, ஆனால் கணக்குதான். அவர்களும் விலைக்குத்தான் பதில் சொன்னார்கள். வெள்ளானூரில் கேட்டுக்கு விலை கிலோவுக்கு இவ்வளவு, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. இந்த விலைமுறையில் கண்ணாடியைத் துடைக்க நிறுத்துகிற ஒவ்வொரு நிமிடமும் அறுப்பவரின் சொந்த நஷ்டம். அவர் போடமாட்டார் என்பதில் எந்த மர்மமும் இல்லை.

ஆகவே மாற்ற வேண்டியது அந்தக் கொட்டேஷன் தாள். அதில் இரும்பு இருக்கிறது, வெல்டிங் ராடு, கட்டிங் வீல், பெயிண்ட், வண்டி வாடகை, கூலி எல்லாம் இருக்கின்றன. வீல் தேய்வதை விலையில் சேர்க்கத் தெரிந்தவர்களுக்குக் கண்ணாடி தேய்வதைச் சேர்க்கத் தெரியாது என்பதில்லை. சேர்த்தால் பக்கத்துக் கடைக்காரர் சேர்க்காமல் வேலையை அள்ளிக்கொண்டு போவார், அதுதான் சிக்கல். இதைப் பட்டறைக்காரர் தனியாக அவிழ்க்க முடியாது. விலை கொடுப்பவர் இரண்டு கடையிலும் அந்த வரியைக் கேட்டால்தான் அவிழும். வீடு கட்ட அனுமதி வாங்கும்போதே கட்டட மதிப்பில் 1 சதவீதம் தொழிலாளர் நலநிதியாகக் கட்டிவிட்டேனே, இன்னும் என்ன என்று வீட்டுக்காரர் கேட்கலாம். அந்த நிதி இந்தக் கொட்டேஷனில் ஒரு வரியாக வருவதில்லை. ஒரு ஷீல்டு, இரண்டு காகிள்ஸ், ஒரு ஜோடித் தோலுறை, பத்து முகமூடி சேர்ந்த தொகை ஒரு வீட்டின் கேட் செலவில் கண்ணில் படாத தொகை. மெஷின்களை நாள்வாடகைக்குவிடும் கடைகள் இதைவிட எளிதாகச் செய்யலாம். வாடகைக்குப் போகும் மெஷின் கார்டோடுதான் போகும், கார்டு இல்லாமல் திரும்பினால் முன்பணத்தில் பிடிப்பு, ஷீல்டு மெஷினோடு சேர்ந்த உருப்படி என்று அவர்கள் ரசீதில் எழுதிவிட்டால் போதும். சாவியையும் பக்கப்பிடியையும் இன்றும் அப்படித்தான் எண்ணி வாங்கி வைக்கிறார்கள்.